பூசணம் பிடித்த மல்லாட்டையை (நிலக்கடலையை) வறுத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. சரியாகக் காயாத மல்லாட்டையை மூட்டை கட்டிவிட்டோம். இப்போது உடைத்தால் பாதிக்கு மேல் பச்சைப் பூசணம். கழுவிக் காயவைத்து வறுக்கலாமா? செக்கில் ஆட்டிவிடலாமா? புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா. வறுக்கவும் வேண்டாம், ஆட்டவும் வேண்டாம். பாடுபட்டு விளைவித்ததைக் கொட்டச் சொல்ல எனக்கும் வேதனையாகத்தான் இருக்கிறது.

ஒரு பருப்பைப் பிளந்து பாருங்கள். மேல்தோல் நன்றாக இருந்தாலும், உள்ளே குருத்தைச் சுற்றிப் பசுமஞ்சள் பொடி படிந்திருக்கலாம். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் அப்படித்தான் இருக்கும். அது சூட்டில் செத்துவிடும். ஆனால் பருப்புக்குள் அது சுரந்து வைத்த அஃப்ளடாக்சின் ஒரு ரசாயனம். கழுவினால் போகாது, வாணலிச் சூட்டில் கொஞ்சம் குறையுமே தவிர அழியாது. ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், மிச்சம் எண்ணெயில் இறங்கும். ரீஃபைன் செய்யும்போது சேர்க்கும் காரம் (அல்கலி) அதை நீக்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்த வேலை நடப்பதில்லை. புண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் பாலில் வரும். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கைச் சோதித்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள்.

புற்றுநோய் விஷயம் உண்மைதான். உள்ளே போன நஞ்சைக் கரைத்து வெளியேற்றத்தான் கல்லீரல் பார்க்கிறது. அந்த முயற்சியிலேயே நஞ்சு இன்னும் வீரியமான பொருளாக மாறி, நான்கே எழுத்துகளில் மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் டிஎன்ஏவில் 'ஜி' என்ற எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியுமுன் மரபணுவைப் படியெடுக்கும்போது, அந்த இடத்தில் 'ஜி'க்குப் பதில் 'டி' விழுந்துவிடலாம். எழுத்துப் பிழைதான், ஆனால் எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது ஆபத்து. கெட்டுப்போன செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் காவல் மரபணு பி53. சீனாவில் இந்த நஞ்சு மிகுந்த பகுதியில் 16 கல்லீரல் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்து 1991இல் முடிவை வெளியிட்டார்கள். 8 கட்டிகளில் பி53இன் 249ஆவது மூன்றெழுத்துக் குறியீட்டில், அதே எழுத்தில் பிழை! ரசாயனம் தன் கைரேகையை விட்டுப்போனது போல.

எப்போதோ ஒரு கசப்புக் கொட்டையை மென்றுவிட்டீர்கள் என்றால் பயப்படாதீர்கள். இப்படிப்பட்ட சேதங்களில் பெரும்பாலானவற்றை செல்லே சரிசெய்துகொள்ளும். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதுதான் கெடுதல். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியும் உடம்பில் இருந்தால் ஆபத்து பல மடங்கு. அதனால் வீட்டில் எல்லோரும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கெட்ட மூட்டையைக் கோழிக்குக்கூடப் போடாமல் குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள். நன்றாக இருக்கும் மூட்டையிலும் சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அடுத்த போகத்தில் காயைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும்வரை மூட்டை கட்டாதீர்கள். கட்டியதையும் வெறுந்தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.