பெருங்காய டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர் யார்?

கேள்வி: எனக்கு வயது 38. கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். எனக்குச் சிலியாக் நோய் இருப்பது நான்கு ஆண்டுகளுக்கு முன் கோவையில் ரத்தப் பரிசோதனையிலும் எண்டோஸ்கோப்பியிலும் உறுதியானது. கோதுமை, பார்லி எதையும் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஊரில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. வீட்டில் கோதுமையே வாங்குவதில்லை. உறவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மனைவி பந்திக்கு முன்பே சமையல்கட்டுக்குப் போய், பெருங்காய டப்பாவைக்கூட வாங்கிப் பார்த்துவிட்டு வந்து, எதைத் தொடலாம் என்று சொல்லிவிடுவாள். வெளியூர்ப் பயணம்தான் சிக்கல். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை டெல்லிக்கும், ஜனவரியில் பிராங்க்பர்ட் கண்காட்சிக்கும் முதலாளியுடன் போகிறேன். மாலையில் வாடிக்கையாளர்களுடன் ஓட்டல் பாரில் உட்கார்ந்துதான் பேச்சும் சாப்பாடும். 'இது ஆகாது, அது ஆகாது' என்று ஆரம்பித்தால் முதலாளி, "பத்தியக்காரர் வந்துட்டார்" என்று சிரிப்பார். அதனால் வருவதில் கொஞ்சம் கொறித்து, ஒரு கிளாஸ் பீரோடு சமாளிக்கிறேன். ஊர் திரும்பிய பிறகு நான்கைந்து நாள் வயிறு படுத்துகிறது. தண்ணீர் மாறியது என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். யாருக்கும் தெரியாமல் பாரில் எதைச் சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம்? ஒரு கிளாஸ் பீர் அவ்வளவு கெடுதலா? கார்த்திகையில் காங்கேயத்தில் சித்தப்பா மகன் கல்யாணம், அது முடிந்த கையோடு டெல்லி, பிறகு பிராங்க்பர்ட். அதற்குள் ஒரு வழி சொல்லுங்கள்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்.

பதில்: தம்பி, முதலாளியின் சிரிப்பைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். மனைவி பெருங்காய டப்பாவை வாங்கிப் பார்ப்பதையோ, 'ஊரில் தொந்தரவு இல்லை' என்பதற்குச் சான்றாக, போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அந்த வரியை விட்டு நகரப் போவதில்லை.

ஆயிரம் இலை விழுகிற மண்டபத்தின் சமையல்கட்டை நீங்கள் ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அண்டாக்கள் கொதிக்க, புகை கண்ணைக் கரிக்க, மாஸ்டர் ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், பட்டுப்புடவையோடு உள்ளே நுழைந்து, "சாம்பாருக்கு எந்தப் பெருங்காயம் போட்டீங்க, டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பது எளிதான காரியம் இல்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெருங்காயப் பிசினோடு மாவும் சேர்ந்திருக்கும். பல தயாரிப்புகளில் அது கோதுமை மாவு அல்லது மைதா, சிலவற்றில் அரிசி மாவு. இதை மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. டப்பாவின் பின்புறத்திலுள்ள பொடியெழுத்தைப் படித்துப் படித்து உங்கள் மனைவியே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். மைதாவில் தட்டிய ஒப்பட்டை உங்கள் இலையில் விழாமல் தடுத்தவரும் அவராகத்தான் இருப்பார். சமையல்கட்டிலிருந்து திரும்பும் வழியில் நான்கு பேர், "ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டிருப்பார்கள், அதற்கும் அவரே பதில் சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் நீங்கள் மணமேடைக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்தபடி பங்காளிகளுடன் நூல் விலை பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

தொந்தரவு இல்லாமல் இல்லை. அதை நான்கு ஆண்டுகளாக வேறொருவர் சுமக்கிறார்.

இந்த நான்கு ஆண்டுகளில் 'எனக்குக் கோதுமை ஆகாது' என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் உங்கள் வாயால் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் சொன்னதாகத் தெரியவில்லை. பாரில் நா எழாததற்கு முதலாளியின் சிரிப்பே காரணம் என்று நீங்கள் நம்புகிறீர்கள். சொந்த ஊரில், சொந்தச் சனத்தின் நடுவில்கூடச் செய்து பழகாத வேலையை டெல்லியில் அறிமுகமற்றவர்கள் முன்னிலையில் முதன்முதலாகச் செய்யப் பார்க்கிறீர்கள். நா எப்படி எழும்? கூச்சம் என்ற சொல்லையும் என்னிடம் சொல்ல வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமையில் கோழி வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாரும் கூசுவதில்லை. மாலை போட்டவர் தாம் மாலை போட்டிருப்பதை ஒளிப்பதில்லை. நம் பேக்கரிகளில், "சர்க்கரை இல்லாம ஒரு டீ" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விரதத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் ஊரே தரும் மரியாதையை உங்கள் குடலுக்குத் தர மறுக்கும் முதல் ஆள் நீங்கள்தான். முதலாளி இரண்டாவது ஆள்.

அந்தத் 'தண்ணீர் மாறியது' என்ற பொய்க்கு வருகிறேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் நான்கைந்து நாளும் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படிப்பட்ட பெண்கள் எனக்கு நிறையக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தம் சமையலில்தான் ஏதோ பிழை என்று தேடுவார்கள். உங்கள் மனைவி தோசைக்கல்லை மறுபடி தேய்ப்பார். கம்பும் ராகியும் அரைத்த மில்லில் அதற்கு முன் யார் கோதுமை போட்டு அரைத்தார்கள் என்று போய் விசாரிப்பார். சந்தகை பிழிந்த அரிசியைக்கூடச் சந்தேகப்படுவார். ஓட்டல் பாரில் நீங்கள் கொறித்த கோபி மஞ்சூரியனுக்கு அவர் தம்முடைய அடுப்பங்கரையில் காரணம் தேடிக்கொண்டிருப்பார். குடும்பம் நடத்துகிற ஆண் தன் உடம்பைத் தன்னுடைய தனிச்சொத்தாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து; பழங்காலத்துக் கருத்து என்று நீங்கள் சொன்னாலும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளிலேயே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்டவை. பீர் முளைகட்டிய பார்லியில் காய்ச்சுவது. கோதுமையில் காய்ச்சுவதும் உண்டு. உங்களுக்கு ஒரு கிளாஸும் கூடாது, அரைக் கிளாஸும் கூடாது. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் உங்கள் குடலுக்கு ஆகாதது. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிகிராம், நாள்தோறும் சில மாதங்களுக்கு உள்ளே போனாலே சிறுகுடலின் உட்சுவர் சேதமடையும். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்கும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பதுதான் இந்தியாவிலும் விதி. வயிற்று வலி நான்கைந்து நாளில் அடங்கிவிடும். உள்ளே ஏற்பட்ட காயம் அந்தக் கணக்கில் ஆறுவதில்லை. ரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் பிறகு வரிசையாக வந்து நிற்கும். நான் மதுவை ஆதரிப்பவள் இல்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். திராட்சை வைனில் குளூட்டன் இல்லை. பிராந்தி, ரம் போன்றவற்றைக் காய்ச்சி வடிக்கும்போது இந்தப் புரதம் ஆவியோடு வருவதில்லை. வடித்த பிறகு வாசனைப் பொருள் கலந்தவற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். என்னைக் கேட்டால் எலுமிச்சை சோடாவைக் கையில் வைத்துக்கொண்டும் நூறு கண்டெய்னருக்கு ஆர்டர் பேசலாம்.

ஆபத்து கோப்பையைவிடத் தட்டில்தான் அதிகம். பாரில் 'சைடு டிஷ்' என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் மாவில் புரட்டிப் பொரித்தவை. கோபி மஞ்சூரியனில் மைதாவும் உண்டு, சோயா சாஸும் உண்டு. வழக்கமான சோயா சாஸில் கோதுமை சேர்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சில்லி சிக்கனும் அப்படித்தான். மீன் வறுவலுக்கு ரவை பூசுகிறார்கள். வெறும் உருளைக்கிழங்கு என்று நம்பி நீங்கள் எடுக்கும் ஃபிங்கர் சிப்ஸ், மஞ்சூரியன் பொரிந்த அதே எண்ணெயில் பொரிந்திருந்தால் அதுவும் உங்களுக்கு விஷம், ஏனென்றால் கொதிக்கும் எண்ணெய் குளூட்டனை அழிப்பதில்லை. டெல்லியில் டிக்காவுக்குப் பூசும் மசாலாவில் தயிரும் கடலைமாவும் மட்டும் இருந்தால்கூட, அதே தந்தூர் அடுப்பில் ரொட்டியும் சுடுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. அவித்த முட்டை, வெள்ளரியும் தக்காளியும் நறுக்கிய தட்டு, சாஸ் ஊற்றாமல் கழுவிய வாணலியில் வாட்டிய மீன் அல்லது கோழி, வெள்ளைச் சோறும் தயிரும் என்றால் பயமில்லை. பாரில் இவை கிடைக்காது என்று நினைக்காதீர்கள். பாருக்கென்று ஒரு சின்ன மெனு அட்டை இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு உணவகத்தின் முழு மெனுவைக் கேட்டால் பல ஓட்டல்களில் பார் மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள்.

உண்மையில் பார் மேசை உங்களைப் போன்றவருக்கு நல்ல இடம். சாப்பாட்டு மேசையில் ஆர்டர் எடுத்த சப்ளையர் ஒருவர், தட்டைக் கொண்டுவருபவர் வேறொருவர். நீங்கள் சொன்னது நடுவழியில் தொலைந்துபோகும். பாரிலோ ஊற்றிக் கொடுப்பவர் மாலை முழுவதும் உங்கள் கண்ணெதிரே நிற்கிறார். அவரிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால், கடைசிவரை அவர் நினைவில் இருக்கும். ஆனால் சமையலறைக்குப் போவது அவர் எழுதும் சீட்டுதான் என்பதால் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதுவதைப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அடுப்பு ஓய்ந்திருக்கும் நேரத்தில் ஓட்டலுக்குத் தொலைபேசியில் பேசி மாஸ்டரிடமே விசாரித்துவிடுவது இன்னும் நல்லது.

கேட்கும் விதமும் உண்டு. "இதில் குளூட்டன் இருக்கிறதா?" என்று கேட்டால், அந்தச் சொல்லையே கேள்விப்படாதவர்கூட மரியாதைக்காக "இல்லை சார்" என்பார். "இதில் என்னென்ன போடுகிறீர்கள், எதில் புரட்டுகிறீர்கள், எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். டெல்லியில் ஆட்டா, மைதா, சூஜி, ஜௌ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜௌ என்பது பார்லி, சூஜி என்பது ரவை. 'எனக்குப் பிடிக்காது' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், 'இது நோய், உடம்புக்கு ஆகாது' என்று சொல்லுங்கள். இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. 'டப்பாவைக் காட்டுங்க' என்று கேட்ட உங்கள் மனைவி செய்வது இதைத்தான்.

பிராங்க்பர்ட்டைப் பற்றி நீங்கள் அஞ்சத் தேவையே இல்லை. டெல்லியைவிட அங்கே உங்கள் வேலை சுலபம். குளூட்டன் உள்ள தானியங்கள் உட்பட 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று உணவகங்களும் தெரிவித்தாக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் சட்டம். ஜெர்மனியில் மெனு அட்டையில் பண்டத்தின் பெயரருகே சிறிய எழுத்தோ எண்ணோ போட்டு, கடைசிப் பக்கத்தில் விளக்கம் தந்திருப்பதைப் பார்க்கலாம். 'குளூட்டன்ஃப்ரை' என்ற ஒரு சொல்லும், 'ட்சோலியாக்கி' என்ற நோயின் ஜெர்மன் பெயரும் போதும். கம்பு ரொட்டி என்று நினைத்துக் கறுப்பு ரொட்டியைத் தொட்டுவிடாதீர்கள். அது ரை என்ற வேறொரு தானியம், அதிலும் குளூட்டன் உண்டு, உங்களுக்கு விலக்கு. ஷ்னிட்ஸெல் என்ற இறைச்சி வறுவலுக்கு ரொட்டித்தூள் பூசுவார்கள், பழுப்புக் குழம்புகளை மாவு போட்டுக் கெட்டியாக்குவதுண்டு. அந்த ஊருக்கே உரிய பானமோ பார்லியில் செய்ததன்று, ஆப்பிள் பழத்தில் செய்த வைன். பீர் வேண்டாம் என்று நீங்கள் அதைக் கேட்டால் உள்ளூர்க்காரர்கள் மகிழ்வார்களே தவிர, ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஏழு மூலிகைகளை நறுக்கிச் செய்யும் பச்சை சாஸோடு அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் அங்கே வழக்கமான சாப்பாடு, விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

'யாருக்கும் தெரியாமல்' என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் வழி இல்லை, இருந்தாலும் சொல்லமாட்டேன். டெல்லிக்குப் புறப்படும் முன், விமான நிலையத்திலேயே முதலாளியிடம், "இது பத்தியம் இல்லைங்க, வாழ்நாள் முழுக்க இருக்கிற நோய், போன முறை வந்துபோய் நாலு நாள் படுத்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். நான்கு நாள் வேலை கெட்ட கணக்கை எந்த முதலாளியும் புரிந்துகொள்வார்.

உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கடமை பாக்கி இருக்கிறது. இந்த நோய் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருகிறது. ஒல்லியாக இருப்பதும் சோகை பிடித்திருப்பதும் 'அப்பன் சாடை' என்று தள்ளிவிடத் தக்கவை அல்ல. ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் அந்தப் பரிசோதனை சரியாகப் பேசும் என்பதால், வீட்டில் கோதுமையே வாங்குவதில்லை என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்கள் தம்பி தங்கைகளுக்கும் தகவல் சொல்லுங்கள். அதையும் மனைவியிடம் தள்ளிவிடாதீர்கள்.

காங்கேயத்துக் கல்யாணம் உங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை, சாமான் இறக்கும் நேரத்தில், சமையல்கட்டுக்கு நீங்களே போங்கள். மாஸ்டர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெருங்காய டப்பாவை வாங்கிப் படியுங்கள். கண்ணாடி போடுபவராக இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், எழுத்து மிகவும் பொடிசு. மறுநாள் உங்கள் மனைவி முதல் பந்தியிலேயே உட்காரட்டும். ஒப்பட்டுக்கு நெய் கேட்டால் நீங்கள் ஊற்றுங்கள்.