அவர் ஓட்டிய ஜீப்பை யாருக்குக் கொடுப்பது?

(மதுரையில் காவல்துறை மோட்டார் பிரிவில் 28 ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் வண்டிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் போலீஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டிய பொலிரோவையே 2019-இல் ஆயுதப்படை மைதானத்து ஏலத்தில் எடுத்தார். 2010 மாடல். பெயரும் நம்பரும் அப்போதே மாற்றிவிட்டார். போன வருடம் அவர் தவறிவிட்டார். வண்டி மாட்டுத்தொழுவத்தில் நிற்கிறது. விற்க மனம் வரவில்லை. ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்கு இலவசமாகக் கொடுக்க ஆசை. அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கே கார் தானம் கொடுத்தால் வரிச் சலுகை உண்டு என்கிறான். இங்கேயும் உண்டா? நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி அருகில்

பதில்: அம்மா, தான் ஓட்டிய வண்டியைத் தானே ஏலத்தில் எடுத்தவர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். காலையில் ரோல்கால் என்கிற வருகைக் கணக்கெடுப்புக்கு முன்பே பழைய பனியன் துணியோடு வந்து, ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிற டிரைவர்கள் எங்கள் பிரிவில் இருந்தார்கள். அப்படி ஒருவர் வைத்திருந்த வண்டி வீணாகக் கூடாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஒருவர் நல்ல மனதோடு ஜீப் கொடுத்தார். சாவியைக் கொடுத்தார், மாலை போட்டுப் படமும் எடுத்தார்கள். பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அவர் இறந்துவிட்டார். இன்சூரன்ஸ் முடிந்தது, புதுப்பிக்க ஆளில்லை. 2 வருடம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது வேப்பமரத்தடியில் டயர் நான்கும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

ஆகவே முதலில் காகிதம். ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, இன்னும் உங்கள் வீட்டுக்காரர் பெயரில்தானே இருக்கிறது? உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். நாள் கடந்துவிட்டது, தாமதக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அப்புறம் உங்கள் மகனின் சம்மதக் கடிதம் தேவைப்படும். அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்து சேர நாளாகும்.

2010 மாடல் என்பதால் 15 வருடப் பதிவும் முடிந்திருக்கும். தனியார் வண்டி என்பதால் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். காருக்கான கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. இதெல்லாம் முடிந்து ஆர்.சி. உங்கள் பெயரில் வந்த பிறகு, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றுங்கள். ஆர்.சி.யில் அவர்கள் பெயர் ஏறும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘வண்டியை எப்போதோ கொடுத்துவிட்டேன்’ என்ற பதில் அங்கே நிற்காது.

அடுத்தது வண்டி. ஒரு வருடமாக நிற்கும் டீசல் வண்டியைச் சாவி போட்டுத் திருகிப் பார்க்க வேண்டாம். பழைய டீசலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தொழுவம் என்றால் எலி கட்டாயம் ஏறியிருக்கும். பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கும், அதைக் கழற்றிப் பார்க்கணும். டயரில் ஓரமாக 4 இலக்க எண் இருக்கும். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. கட்டை தேயாமல் இருந்தாலும் அந்த வயதுள்ள டயரில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

இன்னொன்று. ரோந்து வண்டியில் கிலோமீட்டரை மட்டும் வைத்து இன்ஜினை எடை போட முடியாது. கோரிப்பாளையத்தில் இன்ஜின் ஓடியபடியே மணிக்கணக்கில் நிற்கும், அந்த நேரம் மீட்டரில் ஏறாது. அழகர் எதிர்சேவை அன்று ராத்திரி முழுக்க ஜனத்துக்கு நடுவே முதல் கியரில் ஊரும். அடுத்த வாரம் எங்கள் ஷெட்டில் கருகிய கிளட்ச் பிளேட் வாடைதான் அடிக்கும். அதனால் கிளட்ச், ரேடியேட்டர், டர்போ மூன்றையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரி விஷயத்தில் மகன் சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே 500 டாலருக்கு மேல் வரிக் கழிவு கேட்டால், பெரும்பாலும் அந்த நிறுவனம் காரை விற்ற தொகைதான் கணக்கு. நம் ஊரில் 80ஜி என்று சொல்லிப் பழகிய வருமான வரிச் சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டுமே. வண்டி, அரிசி, துணி எதற்கும் கிடையாது. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. வரிதான் முக்கியம் என்றால் வண்டியை விற்றுக் காசோலையாகக் கொடுக்கலாம், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது உதவும். நீங்கள் அதற்காகக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிகிறது.

கடைசியாக இல்லத்தில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். லைசென்ஸ் உள்ள டிரைவர் இருக்கிறாரா? மாதம் டீசலுக்குப் பணம் ஒதுக்க முடியுமா? நிழலில் நிறுத்த இடம் உண்டா? ஒன்றுக்காவது இல்லை என்றால் வேறு இல்லம் பாருங்கள். முடிந்தால் முதல் வருட இன்சூரன்ஸையும் நீங்களே கட்டிக் கொடுங்கள். அவர்கள் பணத்துக்கு ஓடாமல் முதல் மாதமே வண்டியை எடுக்க முடியும்.

கேள்வி: மேலூரில் ஒரு பட்டறைக்காரர், ஏலத்தில் எடுத்த போலீஸ் ஜீப்பை எங்கள் அறக்கட்டளைக்குச் சும்மா தருகிறேன் என்கிறார். ஏலச் சீட்டு மட்டும் இருக்கிறது, நம்பர் பலகையில் இன்னும் ‘ஜி’ வரிசைதான். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ‘ஜி’ வரிசை அரசு வண்டிக்கு உரியது. ஏலத்தில் எடுத்தவர் வண்டியைப் பெற்ற 30 நாளுக்குள் படிவம் 32 கொடுத்து, ஏலத்தை உறுதிசெய்த உத்தரவு, ஏலத்துக்கு அனுமதி தந்த அரசாணை நகல் எல்லாவற்றையும் வைத்துப் பெயர் மாற்ற வேண்டும். முதலில் அவர் பெயருக்கு மாறட்டும், அதன் பிறகு உங்களுக்கு. அது முடியாது என்கிறவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்துக்குக் கழித்த ஜீப் ஒன்றை இலவசமாகத் தரும்படி காவல்துறைக்கே மனு எழுதலாமா? அதை ஆம்புலன்ஸ் ஆக்கும் எண்ணம்.

பதில்: மனு எழுதுவதில் தவறில்லை. ஆனால் வண்டி அரசு சொத்து, எந்த அதிகாரியும் தன் விருப்பத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. 15 வருடம் ஆகும் முன்பே கழித்த வண்டி ஏலத்துக்குத்தான் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவே புதுப்பிப்பதில்லை, அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது மத்திய அரசு விதி. சட்டம் ஒழுங்குக்கான கவச வண்டி போன்ற தனி வகைகளுக்கு மட்டும் விலக்கு.

ஆம்புலன்ஸுக்குத் தனித் தரவிதி இருக்கிறது. சீட்டைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் போட்டால் ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. அவசரத்துக்கு 108-ஐ அழையுங்கள். மாதாமாதம் பெரியாஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிற பெரியவர்களுக்கு நல்ல சீட்டுள்ள சாதாரண வண்டியே போதும். ஏறுவதற்கு ஒரு படி மட்டும் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள், பொலிரோ அவர்களுக்கு உயரம்.

கேள்வி: ஏலத்தில் எடுத்த ஜீப்பை எங்கள் இல்லத்துக்கு ஒருவர் முறையாக மாற்றிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், சுழல் விளக்கும் சைரனும் பொருத்தலாமா?

பதில்: கூடாது. இரண்டும் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் போன்ற பணிகளுக்கு மட்டுமே. கதவில் ‘காவல்’ என்ற எழுத்தின் தடம் தெரிந்தால்கூட தேய்த்து பெயின்ட் அடித்துவிடுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. வயர்லெஸ் செட்டையும் சைரனையும் கழற்றும்போது பல சமயம் ஒயரை வெட்டி அப்படியே டேஷ்போர்டுக்கு அடியில் விட்டிருப்பார்கள். அதில் பேட்டரி கரன்ட் இருந்தால் உரசித் தீப்பிடிக்கும். ஒவ்வொரு ஒயராகப் பேட்டரிவரை தொடர்ந்து போய்க் கழற்றச் சொல்லுங்கள். விளக்கு இருந்த இடத்தில் கூரையில் துளைகள் இருக்கும். அடைத்தபின் மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகினால் நடுசீட்டில்தான் விழும், பிள்ளைகள் உட்காரும் இடம் அது.