சுவருக்குப் போர்வை போர்த்தினோம், மிச்சம் எங்கே?

கேள்வி: டோர்ட்முண்டில் 1964இல் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாம் மாடி வீடு எங்களுக்குச் சொந்தம், 78 சதுர மீட்டர். 2023இல் வெளிச்சுவர் முழுவதற்கும் வெப்பக்காப்பு போட்டார்கள். என் பங்கு 24,000 யூரோ. அதற்கு 4 வீத வட்டியில் 15 ஆண்டுக் கடன் எடுத்தேன். ஹைசுங் (வீட்டைச் சூடாக்கும் அமைப்பு) செலவில் ஆண்டுக்கு 1,100 யூரோ மிச்சமாகும் என்று உரிமையாளர் கூட்டத்தில் தந்த தாளில் இருந்தது. அதை நம்பி, ஊரில் தம்பி உழவு இயந்திரம் வாங்குவதற்கு இன்னொரு வங்கியில் 6,000 யூரோ எடுத்து அனுப்பினேன். இப்போது 2024ஆம் ஆண்டுக் கணக்கு வந்திருக்கிறது. கட்டும் தொகை குறைந்ததாகவே தெரியவில்லை. வங்கிக் கணக்கு மாதம் முழுக்க டிஸ்போவில் (இருப்புக்கு மேல் எடுக்கவிடும் கடனில்), 2,300 யூரோ மைனசில் கிடக்கிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா? ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஐந்தும் இன்ஃப்ராரெட் பலகை ஒன்றும் தவணைக்குத் தருகிறார்கள். அதையாவது வாங்கலாமா? தம்பி இப்போது இயந்திரத்தின் பின்னால் இழுக்கும் பெட்டியும் வேண்டும் என்கிறான். (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். பலகையை வாங்காதீர்கள். அது மின்சாரத்தில் ஓடுவது. ஒரு கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய 35 சென்ட் கொடுத்துச் சூடாக்குவீர்கள். உங்கள் கட்டடத்தின் எரிவாயுச் சூடு 11 சென்ட் அளவில் வருகிறது. விற்பவர் இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிக் காட்டமாட்டார். தெர்மோஸ்டாட் விஷயத்தில் அவ்வளவு கோபமில்லை, ஆனால் தவணைக்கு வாங்கும் பொருள் அது இல்லை. கடையில் சாதாரணமானதே போதும்.

இனி உங்கள் கணக்கு. நீங்கள் யூரோவை யூரோவோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்றும் தெரியாது. எரிவாயு மீதான கரியமில வரி 2023இல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 30 யூரோ, 2024இல் 45. 2024 ஏப்ரலில் எரிவாயுவுக்கான மதிப்புக்கூட்டு வரி 7 வீதத்திலிருந்து மறுபடி 19க்கு ஏறியது. நீங்கள் குறைவாக எரித்ததை இந்த ஏற்றம் விழுங்கியிருக்கிறது. அனுப்பிய தாள்களில் கிலோவாட் மணி என்று இருக்கும் வரியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். வெப்பக்காப்புக்கு முன் உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 10,100. இப்போது 7,800. ஆக 2,300 குறைந்திருக்கிறது. 11 சென்ட்டால் பெருக்கினால் 250 யூரோ. மாதம் 21 யூரோ.

சரி, 1,100 எங்கிருந்து வந்தது? அந்தத் தாளை மறுபடி எடுங்கள். பழைய கட்டடத்தின் ஆண்டுத் தேவை ஒரு சதுர மீட்டருக்கு 210 கிலோவாட் மணி, வேலைக்குப் பின் 80 என்று போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் 130, 78 மீட்டரால் பெருக்கினால் 10,140 கிலோவாட் மணி. இந்த எண்ணை மேலே உள்ள 10,100க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாள் மிச்சமாகும் என்று சொன்ன அளவும் நீங்கள் அதற்கு முன் மொத்தமாகவே எரித்த அளவும் ஒன்று. அந்த மிச்சம் உண்மையிலேயே வர வேண்டுமானால் இந்தக் குளிர்காலம் முழுவதும் நீங்கள் ஹைசுங்கைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும்.

யாரும் பொய் சொல்லவில்லை. சட்டப்படி போடும் கணக்கு, எல்லா அறைகளும் நாள் முழுவதும் இதமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. உங்கள் வீட்டில் அப்படி இருந்ததா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: முன்னறை ஹைசுங்கின் திருகு மட்டும்தான் மூன்றில் இருக்கும், படுக்கை அறையில் நட்சத்திரக் குறியில் (மிகக் குறைந்த அளவில்), பிள்ளைகள் ஸ்வெட்டரோடு படித்தார்கள் என்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் இருவரும் ஜெர்மனியின் 3,400 வீடுகளை எடுத்துப் பார்த்து 2012இல் எழுதினார்கள்: மக்கள் உண்மையில் எரிப்பது, கட்டடக் கணக்கு சொல்வதைவிடச் சராசரியாக 30 வீதம் குறைவு. வீடு எவ்வளவு மோசமோ அந்த இடைவெளி அவ்வளவு பெரிது. எரிக்காத வாயுவை யாராலும் மிச்சம் பிடிக்க முடியாது.

அடுத்தது, சுவர் சூடானதும் வாழ்க்கை மாறியது. இப்போது நான்கு அறைகளிலும் 21 பாகை. ஒரு பாகை கூடினால் சூட்டுச் செலவு ஏறக்குறைய 6 வீதம் கூடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் மேசையில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்காருவதும் அந்த 24,000 யூரோவில் வாங்கியதுதான், அது கணக்கில் தெரியாது, அவ்வளவே. குசினி ஜன்னலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பொரியல் மணத்துக்காகக் குளிர்காலம் முழுக்க ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைத்திருப்பது நம் எல்லார் வீட்டிலும் நடப்பது. கீழே ஹைசுங் ஓடுகிறது, மேலே அந்தச் சூடு அப்படியே வெளியே போகிறது. சமைத்து முடித்ததும் ஜன்னலை அகலத் திறந்து பத்து நிமிடத்தில் மூடிவிடுங்கள். அடியோடு மூடியும் வைக்காதீர்கள். காற்று புகாத வீட்டில் ஈரம் பிடித்து மூலையில் பூஞ்சை வரும்.

மூன்றாவது விஷயம் உங்கள் கையில் இல்லை. நீங்கள் அனுப்பிய, பின்னால் யாரோ உடுப்புக் காயப்போட்டிருக்கும் நிலவறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொதிகலனின் காட்டியில் 75 பாகை நிற்கிறது. சுவர் குளிர்ந்து கிடந்த காலத்துக்கு வைத்த அளவு அது. கட்டடத்துக்குப் போர்வை போட்டவர்கள் கொதிகலனுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். குழாயில் வேண்டாத சூடு ஓடுகிறது, நிலவறை வெதுவெதுப்பாக இருக்கிறது, ஜனவரியில் உடுப்பு காய்கிறது. அந்த வாயுவுக்கு எல்லாருமாகச் சேர்ந்து கட்டுகிறீர்கள். எரிச்செலவில் 50 முதல் 70 வீதம்தான் அவரவர் மானிப்படி. மீதி வீட்டின் பரப்பளவுப்படி பிரிகிறது. நீங்கள் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அந்த மீதி அசையாது. குளிக்கும் சுடுநீருக்கும் சுவரின் காப்புக்கும் சம்பந்தமில்லை, அந்தச் செலவும் அப்படியே நிற்கும்.

இவ்வளவும் சொன்னது உங்களை ஆறுதல்படுத்த அன்று. தாள் சொன்ன 1,100 முழுதாக வந்திருந்தாலும் நீங்கள் இதே இடத்தில்தான் நின்றிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: முந்திய ஆண்டு கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வரும் முன்பே அதை மாமியின் சத்திரசிகிச்சைக்குச் சொல்லிவிட்டீர்கள், அதற்கு முன் சீட்டு விழும் முன்பே அந்தக் காசில் மருமகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்துக் கொடுத்தீர்கள். இந்த முறை ஹைசுங். வராத காசுக்கு ஆள் சொல்லிவிடுவது உங்கள் பழக்கம். தம்பியின் குற்றம் இதில் அரைவாசிகூட இல்லை. 1,100 வரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னதால்தானே.

அந்தப் பழக்கத்தின் விலையைப் பாருங்கள். 6,000 யூரோ, 8 வீதம், 7 ஆண்டு: மாதத் தவணை சுமார் 94. தாளின் 1,100ஐப் பன்னிரண்டால் பிரித்தால் 92. தவணையை நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது தெரிகிறது. வந்தது 21. மாதம் 73 யூரோ பள்ளம், அது டிஸ்போவில் விழுகிறது. டிஸ்போ வட்டி உங்கள் வங்கியில் 12 வீதம். 2,300க்கு ஆண்டு வட்டி 276. வெப்பக்காப்பு தந்தது 250. சுவர் மிச்சம் பிடித்ததை வங்கி வாங்கி, மேலே 26 யூரோவும் கேட்கிறது.

24,000 கடனைப் பற்றி வருந்த வேண்டாம். பெரும்பான்மை வாக்கெடுத்து முடிந்த விஷயம், பழைய பூச்சு உதிர்ந்துகொண்டும் இருந்தது. ஆண்டுக்கு 250 என்றால் அது தன்னைத்தானே அடைத்து முடிக்க 96 ஆண்டு ஆகும், ஆகவே அந்தக் கண்ணோடு அதைப் பார்க்கவே வேண்டாம். வீட்டைப் பழுதுபார்த்த செலவு என்று எழுதிவிடுங்கள். தொடவேண்டியது டிஸ்போவும் தம்பியின் கடனும்தான். உங்கள் சீட்டு பெப்ரவரியில் விழும் என்கிறீர்கள். விழுந்த பிறகு, விழுந்த அன்றே, டிஸ்போவை அடைத்து அதன் எல்லையை 500ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். அடைப்பதோடு நிறுத்தினால் நிச்சயம் மறுபடி நிரம்பும். மிஞ்சியதை 6,000 கடனில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டும் தொகையில் 1 வீதத்துக்கு மேல் அபராதம் எடுக்க சட்டம் விடாது. அந்த ஒப்பந்தத்தோடு கடன் காப்புறுதி ஒன்றைச் சேர்த்துவிட்டார்களா என்றும் பாருங்கள். அதை ரத்துச் செய்ய முடிந்தால் செய்யுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, சொல்லக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. தான் குடியிருக்கும் பழைய வீட்டில் செய்த இத்தகைய வேலைக்கு, உங்கள் பங்குச் செலவில் 20 வீதத்தை மூன்று ஆண்டுகளில் வருமான வரியிலிருந்து கழிக்கலாம்: முதல் இரு ஆண்டும் 7 வீதம், மூன்றாம் ஆண்டு 6. 24,000 முழுவதும் தகுதியானால் 1,680, 1,680, 1,440. இரண்டு நிபந்தனைகள்: இதே வேலைக்கு உங்கள் குடியிருப்பு அரச மானியமோ மானியக் கடனோ வாங்கியிருக்கக் கூடாது, வேலை செய்த நிறுவனத்தின் அத்தாட்சிப் படிவம் வேண்டும். இரண்டையும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கட்டும் வரி அதைவிடக் குறைவானால் மீதி கைக்கு வராது. இது பெட்டிக்கான காசு இல்லை. வரி அலுவலகத்தின் கடிதம் கையில் வரும்வரை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள்.

தம்பிக்கு இந்த ஞாயிறே போன் எடுங்கள். டிஸ்போ மைனசில் இருக்கிறது என்பதை அந்தச் சொல்லோடும் தொகையோடும் சொல்லுங்கள், 'பிறகு பார்ப்போம்' என்று முடிக்காதீர்கள். அவன் அதை ஆம் என்று எடுத்துக்கொள்வான். இயந்திரம் இந்தப் போகத்தில் உழுது கூலி வாங்குகிறதா என்றும் கேளுங்கள். வாங்குகிறது என்றால் பெட்டியை அந்தக் கூலியில் அவனே வாங்கலாம்.

கூட்டத்துக்குப் போகும்போது நிகழ்ச்சி நிரலில் இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லி நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள்: 'வெப்பக்காப்புக்கு ஏற்றபடி கொதிகலனின் சூட்டு வளைவைக் (வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் சூட்டை வைக்கும் அமைப்பை) குறைத்தல், எல்லா வீடுகளின் ஹைசுங்குக்கும் நீரோட்டச் சமன் (ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு நீர் போகும்படி) செய்தல், நிலவறைக் குழாய்களுக்குக் காப்பு.' முதலாவதற்கு டெக்னீஷியன் ஒருமுறை வந்து போகும் கூலிதான். நுகர்வோர் மையத்தில் எரிசக்தி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுக் கணக்குகளையும் அந்த 75 பாகைப் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.