பரிசு முடிந்தது, நடையும் நின்றது

கேள்வி: திருப்பூரில் நானூறு பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் எச்.ஆர். ஆக இருக்கிறேன். போன வருடம் யோகா தினத்தன்று மாஸ்டரை வரவழைத்து வகுப்பு நடத்தினோம். அப்புறம் நடைப் போட்டி வைத்தோம். அதிகம் நடந்தவருக்கு மிக்ஸி. முதல் மாதம் அமர்க்களமாக இருந்தது, மூன்றாவது மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. "இவங்களுக்கு உடம்பு மேல அக்கறையே இல்லம்மா, எதுக்கு வெட்டிச் செலவு?" என்கிறார் முதலாளி. நல்ல பழக்கங்கள் நிலைத்து நிற்க என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

அந்த மிக்ஸி யாருக்குக் கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஏற்கெனவே தினமும் நடந்துகொண்டிருந்த ஒருவருக்குத்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்கள் சுமார் ஐயாயிரம் பேரை வைத்து 2016-ல் இப்படி ஒரு நலத்திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. பரிசுப் பணமும் கொடுத்தார்கள். ஆனால் மருத்துவச் செலவு குறையவில்லை, உடற்பயிற்சி கூடவும் இல்லை. ஆர்வமாகச் சேர்ந்தவர்களில் பலர் முன்பே உடம்பைப் பார்த்துக்கொண்டவர்கள்தான். ஆக, போட்டிக்குச் செலவழித்த பணம் வீண் என்று உங்கள் முதலாளி நினைப்பதில் தப்பில்லை. அதற்குக் காரணம் தொழிலாளர்களின் அக்கறையின்மை என்கிறாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

காலை எட்டரைக்கு வந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பும் பெண் எப்போது நடப்பாள்? தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் நாள் முழுக்க நிற்பவளுக்கு இன்னும் பத்தாயிரம் காலடி நடை எதற்கு? அவளுக்கு வேண்டியது ஒரு ஸ்டூல்.

நானும் ஒரு கார்மெண்ட்ஸில் நல அலுவலராக இருந்தவள். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று சுவர் முழுக்கப் போஸ்டர் ஒட்டினேன். தையல் மெஷின் வரிசை ஒன்றில் (லைன் என்போம்) ஓவர்லாக் மெஷினில் ஒரு அக்கா இருந்தார். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி மெஷினுக்குக் கீழே வைப்பார். சாயங்காலம் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துப்போய் கேட் பக்கத்து வேப்பங்கன்றுக்கு ஊற்றுவார். அந்த வருடம் இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டவர் அவர். "ஏங்க்கா குடிக்கறதில்ல?" என்று கேட்டேன். "பாத்ரூம் போறதுக்கு டோக்கன் வாங்கணும். லைனுக்கு ஒரே டோக்கன்தானுங்க. நா எந்திரிச்சுப் போனா பீஸ் குமிஞ்சிரும், சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு" என்றார். அன்றைக்கே என் போஸ்டர்களைப் பார்க்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி டோக்கனை எடுக்க வைத்தோம். இரண்டு லைனுக்கு ஒரு மாற்று டெய்லர் போட்டோம். கொஞ்ச நாளில் அந்த அக்கா மதியத்துக்குள் பாட்டிலை இரண்டாம் தடவை நிரப்ப ஆரம்பித்தார்.

இதெல்லாம் புதுசும் இல்லை. 250 பேருக்கு மேல் இருந்தால் கோடையில் குளிர்ந்த குடிநீர், கழிப்பறையிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளிக் குடிநீர்க் குழாய், நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார இருக்கை என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. யோகா மாஸ்டரைக் கூப்பிடும் முன் இந்த மூன்றும் உங்கள் கம்பெனியில் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அடுத்தது கேன்டீன். டீயில் சர்க்கரையைப் போட்டே கொதிக்க வைக்கிறார்களா? சர்க்கரையைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். போண்டாவை நிறுத்தாதீர்கள், கோபம்தான் வரும். அதே விலைக்குச் சுண்டலும் மோரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உடற்பயிற்சி வேண்டும் என்றால் பதினொரு மணி டீ பெல்லோடு சேர்த்துவிடுங்கள். பெல் அடித்ததும் எழுந்து கழுத்து, தோள், இடுப்புக்கு மூன்று நிமிடம், அப்புறம் டீ. அந்த மூன்று நிமிடமும் கம்பெனி நேரத்தில் போகட்டும், டீ நேரத்தில் கை வைக்காதீர்கள். சூப்பர்வைசரும் கூட நின்று செய்ய வேண்டும். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்பதும் தெரிந்தது. அதனால் ஒரு மாதப் போட்டியை மறந்துவிட்டு ஆறு மாதம் பொறுமையாகப் பாருங்கள். ஏற்றுமதி அவசரத்தில் நாலு நாள் நின்றுபோனால் ஐந்தாம் நாள் மறுபடி ஆரம்பியுங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க முகாம் வைத்தால் ஒரு திரைச்சீலை கட்டுங்கள். நான் இருந்த இடத்தில் வந்த நர்ஸ் ஒவ்வொருவரின் எடையையும் சத்தமாகச் சொல்லி எழுத வைத்தார். அடுத்த வருடம் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டார்கள். முடிவு அவரவர் கையில் மட்டும் போகட்டும். சூப்பர்வைசருக்கோ முதலாளிக்கோ போகக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தவர்கள் மாதாமாதம் போய் வாங்க ஒரு மணி நேரம் சம்பளம் பிடிக்காமல் அனுமதி கேளுங்கள். அது கிடைக்காமல்தான் பலர் மாத்திரையைப் பாதியில் விடுகிறார்கள்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். முதலில் ஒரு லைனில் மட்டும் பாத்ரூம் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, மாற்று டெய்லர் ஒருவரைப் போட்டு மூன்று மாதம் ஓட்ட அனுமதி வாங்குங்கள். அந்த லைனில் தினமும் எத்தனை கேன் தண்ணீர் காலியாகிறது, எத்தனை பேர் லீவு போடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்றாவது மாதம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்காருங்கள்.