அப்பாவுக்கு ஒன்றுமில்லை, சித்தப்பாவுக்கு மட்டும் ஏன்?

கேள்வி: அப்பா நாற்பது வருஷம் பீடி குடித்தவர், எண்பதிலும் மாடிப்படி ஏறினார். சித்தப்பாவும் அதே பீடிதான். 55 வயதிலேயே மூச்சிரைப்பு, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்கிறார்கள். ஒரே ரத்தம்தானே டாக்டர்? நான் ஜீன் டெஸ்ட் எடுக்கட்டுமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: ஒரே சீட்டுக்கட்டுதான். கலைத்துப் போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே சீட்டா விழும்? பீடிப் புகை நுரையீரலை அரிக்காமல் தடுக்க உடம்பில் சில ஆன்டிஆக்சிடன்ட் என்சைம்கள் உண்டு. அதில் ஒன்று எஸ்.ஓ.டி.3. என்சைம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; இதன் 213-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் இருந்தால், ரத்தத்தில் அந்த என்சைம் பல மடங்கு கூடுதலாக இருக்கும். கோபன்ஹேகனில் ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்தபோது, இந்த மாற்றம் உள்ள புகைபிடிப்பவர்களுக்கு சி.ஓ.பி.டி. குறைவாகவே வந்தது. இது அபூர்வச் சீட்டு. அப்பாவுக்கு விழுந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை.

ஜீன் டெஸ்ட் இதற்காக வேண்டாம். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதல் சோதனை போதும். இழுத்துப் பிடித்த மூச்சை ஒரே மூச்சாக ஊதணும். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதுதான் கணக்கு. பீடி மட்டும்தான் காரணம் என்றும் நினைக்காதீர்கள். என் அம்மாவுக்கு பீடி நாற்றமே ஆகாது, விறகடுப்பு ஊதியே நுரையீரல் போயிற்று.

ஆமாம், சித்தப்பா பீடியை விட்டாரா? அதை எழுதவே இல்லையே.