பசுமை வரி: கேட்டவையும் சொன்னவையும்

தொழில்களைச் சுற்றுச்சூழல் பக்கம் திருப்ப வரியால் முடியுமா என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். வரிக் கணக்குப் பார்த்துப் பழகியவன் நான். அதனால் பேச்சில் கொஞ்சம் சந்தேகம் கலந்தே வரும்.

கே: புகை கெடுதல் என்றால் தடை போட்டுவிடலாமே சார், வரி எதற்கு?

கொடிய நஞ்சு என்றால் தடைதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் கரியமில வாயுவை ஒரே நாளில் யாராலும் நிறுத்த முடியாது. ஓர் ஆலையில் ஒரு டன் குறைப்பது சுலபமாக இருக்கும். பக்கத்து ஆலையில் அதே ஒரு டன்னுக்குப் பெரும் செலவாகும். வரி போட்டால் முதலாமவர் குறைப்பார், இரண்டாமவர் கட்டிவிட்டு வழி தேடுவார். ஊர் தலையில் விழும் செலவை அதை உண்டாக்கியவர் கணக்கிலேயே எழுது என்பதுதான் இதன் சாரம். ஆர்தர் பிகூ என்ற பொருளாதார அறிஞர் 1920இலேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார்.

கே: வரிக்குப் பயந்து எந்த நிறுவனமாவது உண்மையில் மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. நார்வே 1991இல் கடலுக்குள் நடக்கும் எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கும் கரிம வரி போட்டது. வட கடலில் உள்ள ஸ்லெய்ப்னர் வயலில் கிடைக்கும் எரிவாயுவில் சுமார் 9% கரியமில வாயு. அதைப் பெருமளவு பிரித்தால்தான் சரக்கு விலைபோகும். பிரித்ததைக் காற்றில் விட்டால் டன்னுக்கு டன் வரி. வயலை நடத்தியவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1996 முதல் அதைக் கடலடிக்கும் கீழே உள்ள மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். பல ஆண்டுகள் இது ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன்வரை போனது.

ஒன்றைக் கவனியுங்கள். பிரிக்கும் செலவு எப்படியும் இருந்தது. உள்ளே செலுத்துவது மட்டுமே கூடுதல் செலவு. அதனால்தான் வரி அங்கே வேலை செய்தது. எல்லா ஆலைக்கும் இந்த வசதி வாய்க்காது.

கே: தண்டிப்பதைவிடச் சலுகை கொடுப்பது நல்லதில்லையா?

கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்கக் காகித ஆலைகளின் கதையைச் சொல்கிறேன். மரக்கூழ் எடுத்தபின் மிஞ்சும் கருப்புச் சாற்றை அவர்கள் பல பத்தாண்டுகளாகவே எரித்து ஆலையை ஓட்டிவந்தார்கள். மாற்று எரிபொருளோடு பெட்ரோலியம் கலந்து எரித்தால் கேலனுக்கு 50 சென்ட் சலுகை என்று ஒரு சட்டம் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? தேவையே இல்லாமல் அந்தச் சாற்றில் கொஞ்சம் டீசலை ஊற்றினார்கள்! 2009இல் மட்டும் பல நூறு கோடி டாலர் இப்படிப் போனது. பசுமைச் சலுகையின் பெயரில் எரிந்த டீசல் கூடியது.

சட்டம் டீசல் கலப்பைப் பார்த்ததே தவிர, புகையை அளக்கவில்லை. எதை அளந்து பணம் கொடுக்கிறீர்களோ, அது மட்டும்தான் நடக்கும். சுவீடன் 1992இல் இதை நேராகச் செய்தது. பெரிய கொதிகலன்களின் புகைபோக்கியில் நைட்ரஜன் ஆக்சைடை அளந்து, கிலோவுக்கு 40 குரோனர் வசூலித்தது. அப்புறம் அந்தப் பணத்தை, அவரவர் உற்பத்தி செய்த ஆற்றலுக்கு ஏற்ப அதே ஆலைகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. குறைவாகப் புகைத்தவருக்கு லாபம், அதிகம் புகைத்தவருக்கு நட்டம். அளக்கத் தொடங்கிய பிறகுதான், எரியும் விதத்தைச் சற்றுச் சரிசெய்தாலே புகை குறைகிறது என்று பல ஆலைகளுக்குத் தெரிந்தது.

கே: சிறிய பட்டறை வைத்திருக்கிறேன் அண்ணா. சுத்தமான இயந்திரத்துக்கு முதல் ஆண்டே முழுத் தேய்மானம் தருவதாகச் சொன்னால் எனக்கு என்ன லாபம்?

தேய்மானம் என்றால், இயந்திரத்தின் விலையை லாபத்தில் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் வரி கட்டுவது. இயந்திரம் 100, வரி 25% என்று வையுங்கள். பத்து ஆண்டுகளில் சமமாகக் கழித்தால் ஆண்டுக்கு 2.5 மிச்சம், முதல் ஆண்டே கழித்தால் 25 உடனே கையில். ஆக மொத்தம் இரண்டும் ஒன்றுதான். உங்களுக்குக் கிடைப்பது வட்டியில்லாக் கடன் மாதிரி. ஆனால் அந்த ஆண்டு லாபம் இருந்தால்தான் கழிக்க இடம் இருக்கும். நட்டத்தில் ஓடும் பட்டறைக்கு உடனடிப் பயன் இல்லை. சிறு தொழில்களுக்கு நேரடி மானியமே மேல் என்பது என் எண்ணம்.

கே: வரியை விலையில் ஏற்றி நம் தலையில்தானே கட்டுவார்கள்?

கட்டுவார்கள். சில இடங்களில் நோக்கமே அதுதான். அயர்லாந்து 2002இல் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் தீர்வை போட்டு, அதை வாடிக்கையாளரிடமே வாங்கச் சொன்னது. பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கையில் துணிப்பை இருந்தால் தீர்வை இல்லை. மாற்று வழி இல்லாதவரிடம் வசூலித்தால்தான் சிக்கல். 2018இல் பிரான்சில் மஞ்சள் அங்கிப் போராட்டம் எரிபொருள் வரியில்தான் பற்றிக்கொண்டது.

கே: ஆலைகள் வரி இல்லாத நாட்டுக்கு ஓடிவிட்டால்?

அந்தப் பயத்தில்தான் ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் போன்ற இறக்குமதிகளுக்கும், அவற்றைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவின் கணக்கைக் கேட்கிறது. 2023 அக்டோபர் முதல் அறிக்கை மட்டும்; 2026 முதல் கட்டணமும் உண்டு.

கே: எல்லோரும் திருந்திவிட்டால் வசூல் நின்றுவிடுமே?

நின்றால் நல்லதுதானே! ஆனால் நிதியமைச்சருக்குத் தூக்கம் வராது. நார்வேயில் மின்கார்களுக்கு வரிவிலக்கு கொடுத்தார்கள். வாங்குபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 2023இல், 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு மதிப்புக்கூட்டு வரி திரும்பி வந்தது.