எந்த இடத்தில் அழுதீர்கள்?

அன்புள்ள ஐயா,

எனக்கு 51 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருக்கிறேன். சினிமாவைப் பற்றிப் படித்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்ப்பேன், அவ்வளவுதான். பையன் வீட்டிலிருந்தே வேலை பார்க்க நாலு மாதம் வந்திருந்தான். அவன் புண்ணியத்தில் இந்திப் படம், இங்கிலீஷ் படம் என்று நிறையப் பார்த்தேன்.

டைட்டானிக்கில் கதாநாயகன் செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீர் ஏறும்போது ஒரு வயதான புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் அணைத்துக்கொண்டு படுத்திருப்பார்களே, அங்கே அழுதேன். வயலின்காரர்கள் திரும்பி வந்து வாசிக்கும்போதும் அழுதேன். ஷோலேயில் கண் தெரியாத அந்தப் பெரியவருக்காக அழுதேன். இன்டர்ஸ்டெல்லாரில் பிள்ளைகள் அனுப்பிய வீடியோவை அப்பா பார்க்கும் இடத்தில் முடியாமல் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். கடைசியில் புத்தக அலமாரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று இன்றுவரை புரியவில்லை. காட்ஃபாதரில் கல்யாண வீடு முடிவதற்குள் தூங்கிவிட்டேன். ஆர்ஆர்ஆரில் சண்டை எனக்கு அதிகம். ஆனால் நாட்டு நாட்டு ஆட்டத்தில் ஒருத்தன் வேண்டுமென்றே விழுகிறானே, அது ரொம்பப் பிடித்தது.

என் பையன் ஒவ்வொரு படத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறான். "உனக்குப் படம் பாக்கத் தெரியலம்மா, அழுகிற சீன் மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரியுது" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் மனசில் தங்கிவிட்டது. எனக்குப் படம் பார்க்கத் தெரியாதா? இன்னொன்றும் கேட்கிறேன். காட்ஃபாதரை ஆகா ஓகோ என்கிறவர்களில் பாதிப் பேர் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பது தப்பா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியும். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, அதற்கான சாட்சி கடிதத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் ஓர் இடத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டில், வயலின், கண் தெரியாத பெரியவர், வீடியோ, விழுந்தவன். படம் எப்படி இருந்தது என்று யாரையாவது கேட்டுப்பாருங்கள். சூப்பர் என்பார்கள், மொக்கை என்பார்கள், ஏழரை மார்க் என்பார்கள். எங்கே பிடித்தது என்று அடுத்த கேள்வி போட்டால் தடுமாறுவார்கள். உங்களிடம் அந்த அடுத்த கேள்விக்கான பதில் முதலிலேயே இருக்கிறது.

டைட்டானிக்கில் இரண்டு இடங்களில் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அவை இரண்டும் ஒரே இடம். மறுபடி போட்டுப் பாருங்கள். வயலின் வாசிப்பவர்கள் இனிப் போதும் என்று விடைபெற்றுக் கிளம்புகிறார்கள். தலைவர் மட்டும் நின்று தனியாக ஒரு கிறிஸ்தவப் பாடலைத் தொடங்குகிறார். நாலு எட்டு நடந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அதற்கப்புறம் கப்பலுக்குள் நாம் பார்ப்பதெல்லாம் அந்தப் பாட்டின் மேல்தான் போகிறது. கட்டிலில் கிடக்கும் தம்பதியும் அதில்தான் வருகிறார்கள், குழந்தைகளைத் தூங்கவைக்கக் கதை சொல்லும் தாயும் அதில்தான் வருகிறாள். அந்தத் தம்பதி, ஸ்ட்ராஸ் என்ற உண்மையான கணவன் மனைவியை நினைத்துப் படைக்கப்பட்டவர்கள். 1912இல் கப்பல் மூழ்கியபோது அந்த அம்மாளுக்குப் படகில் இடம் இருந்தது. கணவரை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். படத்தில் இந்த விவரம் எதுவும் சொல்லப்படவில்லை. காட்சியில் பெயர்கூடச் சொல்வதில்லை. கட்டிலையும் தண்ணீரையும் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார் ஜேம்ஸ் கேமரூன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் சில நொடிகள். அதை நீங்கள் பிடித்துவைத்திருக்கிறீர்கள்.

ஷோலேயைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு என் ஊர்த் தியேட்டர் ஞாபகம் வந்தது. படம் வந்தது 1975இல். நான் பார்த்தது சில வருஷங்கள் கழித்து, பழைய பிரிண்டில். எங்கள் யாருக்கும் இந்தி தெரியாது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த மாமா ஒருவர் எங்கள் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்காமலேயே எல்லோருக்கும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். வில்லன் கப்பர் சிங் பேசியதையெல்லாம் அதே குரலில் தமிழில் பேசிக்காட்டினார். முன்வரிசை ஆட்கள்கூட அவர் பக்கம் காதைத் திருப்பி வைத்திருந்தார்கள்.

நீங்கள் சொன்ன காட்சி வந்தது. இமாமின் மகன் பிணத்தைச் சுமந்துகொண்டு குதிரை ஊருக்குள் நுழைகிறது. ஊரே திரண்டு நிற்கிறது, யாரும் வாயைத் திறக்கவில்லை. கண் தெரியாத இமாம் வருகிறார். ஏ.கே. ஹங்கல் நடித்திருப்பார். இங்கே ஏன் இத்தனை அமைதியாக இருக்கிறது என்று கேட்கிறார். பட்டாளத்து மாமா மொழிபெயர்க்கவில்லை. எங்கள் வரிசையில் ஒருவரும் "என்ன சொல்றாரு?" என்று திரும்பவும் இல்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நமக்கெல்லாம் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் தெரிந்துகொள்ளும் வரைக்குமான அந்த நேரத்தை நாம் அவருக்காகச் சுமக்க வேண்டியிருக்கிறது. திரையில் ஊர் ஜனங்கள் எப்படி நிற்கிறார்களோ அப்படியே தியேட்டரும் இருந்தது. முறுக்கு விற்கும் பையன் தட்டோடு சுவரோரம் நின்றுவிட்டான்.

"அழுகிற சீன்" என்று தம்பி சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அழவைப்பது சுலபம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அதே ஷோலேயில் விதவை மருமகளாக வரும் ஜெயா பாதுரி மாடியில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவார். கீழே அமிதாப் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டிருப்பார். வசனமே இல்லை. அந்தி வெளிச்சம் சரியாக விழும் சில நிமிடங்கள்தான் ஒரு நாளைக்குக் கிடைக்கும் என்பதால் அந்தக் காட்சியை நாள்கணக்கில் எடுத்தார்கள். இயக்குநர் ரமேஷ் சிப்பியும் ஒளிப்பதிவாளர் துவாரகா திவேசாவும் மறுநாள் அந்திக்காகக் காத்திருந்தது உங்களைப் போன்ற ஒருவர் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கட்டும் என்றுதான்.

இன்டர்ஸ்டெல்லாரில் கடைசிப் பகுதி புரியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது பரிமாணமும் கருந்துளையும் எனக்கும் இரண்டாவது தடவைதான் ஓரளவு பிடிபட்டன. ஆனால் நீங்கள் எழுந்து சமையற்கட்டுக்குப் போனீர்களே, அதற்குள் அந்தப் படத்தின் கணக்கு உங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த அப்பா ஒரு விண்வெளி வீரர். அவர் இறங்கும் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு வருஷம். இறங்கி ஏறி வருவதற்குள் இங்கே 23 வருஷம் ஓடிவிட்டது. பிற்பாடு 2017இல் நோபல் பரிசு வாங்கிய கிப் தோர்ன் அந்தப் படத்துக்கு அறிவியல் ஆலோசகர். அவர் போன்றவர்கள் சமன்பாடாக எழுதுவதை இயக்குநர் நோலன் ஒரு தகப்பன் முகத்தில் எழுதிவிட்டார். பேரன் பிறந்த செய்தி, மாமனார் செத்த செய்தி எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. மகள் மட்டும் வரவே இல்லை. கடைசியில் வருகிறாள், அப்பா கிளம்பிப் போன அதே வயதில். அங்கே அந்த மனிதர் செய்வது என்ன? ஒரு திரை முன்னால் உட்கார்ந்து, அதற்குள் இருப்பவர்களைத் தொட முடியாமல் அழுகிறார். நாம் செய்வதைத்தான் செய்கிறார். சார்பியல் தத்துவத்தை உங்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தந்திருக்க முடியாது.

சரி, இனி நான் உங்களோடு சண்டை போட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

காட்ஃபாதரைப் புகழ்கிறவர்களில் பாதிப் பேர் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அப்படிச் சிலர் இருக்கலாம். ஆனால் நீங்கள் தூங்கியது அந்தப் படத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. நாள் முழுக்க நோட்டை எண்ணிவிட்டு, சமைத்து, பாத்திரம் கழுவி, கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படத்தை ராத்திரி ஆரம்பித்தால் யாருக்கும் கண் சொக்கும். அழுத இடங்களை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற நீங்கள், பார்க்காத ஒன்றைப் பற்றி மட்டும் மொத்தமாகத் தீர்ப்புச் சொல்கிறீர்கள். அது தம்பி போடும் மார்க்கைப் போலத்தான் எனக்குத் தெரிகிறது. பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் தூங்கிப்போன அந்தக் கல்யாணமும் நமக்கு அந்நியமானது இல்லை. வெளியே பந்தல், பாட்டு, கூத்து. உள்ளே இருட்டு அறையில் பெரியவரிடம் ஒவ்வொருத்தராகப் போய்க் காரியம் கேட்கிறார்கள். மகளின் கல்யாண நாளில் கேட்டால் அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. நம் கல்யாண வீடுகளிலும் பெரிய மனிதரை ஓரமாகக் கூட்டிப்போய் "ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்களே, அதுதான்.

அப்புறம் ஒரு ஓட்டல் காட்சி வரும். அந்தப் பெரியவரின் மகன் மைக்கேல், தன் அப்பாவைச் சுட ஏற்பாடு செய்தவனோடும் ஒரு போலீஸ் கேப்டனோடும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறான். துப்பாக்கி கழிவறையில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. போய் எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறான். எதிரே இருப்பவன் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே போகிறான். கீழே சப்டைட்டில் கிடையாது. 1972இல் அமெரிக்காவில் அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. நாங்கள் எங்கள் ஊர்த் தியேட்டரில் இந்தி தெரியாமல் உட்கார்ந்திருந்தோமே, அப்படி உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் கொப்பொலா வேண்டுமென்றே செய்தது அது. பேச்சு புரியாதபோது நாம் முகத்தைப் பார்ப்போம். மைக்கேலாக நடித்த அல் பசினோவின் கண்கள் இங்கும் அங்கும் அலைவதைப் பார்ப்போம். பின்னணி இசை இல்லை. எங்கோ பக்கத்தில் ரயில் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு வரும் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ரயிலைக் காட்டவே மாட்டார்கள். ஒலியமைத்த வால்டர் மர்ச், அவன் தலைக்குள் ஓடுவதையே அந்தச் சத்தமாக வைத்திருக்கிறார். சுட்டு முடித்து, துப்பாக்கியைக் கையிலிருந்து நழுவவிட்ட பிறகுதான் இசை வருகிறது.

ஆர்ஆர்ஆரிலும் இதுவே மறுபக்கமாக நடந்தது. 2022இல் அமெரிக்கத் தியேட்டர்களில் நாட்டு நாட்டுக்கு எழுந்து ஆடினார்கள். அடுத்த வருஷம் ஆஸ்கரும் கிடைத்தது. படத்தின் இரண்டு நாயகர்களுக்கும் பெயர் தந்த போராளிகளான அல்லூரி சீதாராம ராஜு யார், கொமரம் பீம் யார் என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தோழன் பீம் ஜெயிக்கட்டும், அந்தப் பெண்ணின் கண்ணில் அவன் உயரட்டும் என்று ராம் தானாகக் காலை மடித்து விழுகிறான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இத்தனை சண்டைக்கு நடுவில் அதை நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

தம்பியிடம் கோபப்படாதீர்கள். நாலு மாதமும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் போட்டிருக்கிறான், அது பெரிய விஷயம். அடுத்த தடவை அவன் ஒன்பது மார்க் போட்டால் அந்த ஒன்பதும் எந்த இடத்தில் கிடைத்தது என்று கேளுங்கள். அவனிடமும் ஓர் இடம் இருக்கும், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருப்பான்.

காட்ஃபாதரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், ஒரு காபிக்குப் பிறகு தொடங்குங்கள். ஓட்டல் காட்சி வந்ததும் ரயில் எப்போது கேட்க ஆரம்பிக்கிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.